வழியனுப்பிய பிறகு

ஊர் கூடி வழியனுப்பி வைத்த மனிதன் இரண்டு கிழமைக்குள் அதே துறையில் வந்து இறங்கினால் அவனோடு என்ன கதைப்பதென்று கிண்ணியாவில் யாருக்கும் தெரியவில்லை. ஸெய்னுதீன் ரயிலில் வந்து சீனன்குடாவில் இறங்கி, பஸ் பிடித்துத் துறையடிக்கு வந்தான். ‘பாதை’ என்று ஊரார் சொல்லும் மிதவையில் அவன் ஏறியபோது அதில் ஒரு லொறியும் மாட்டுவண்டிகளும் கொஞ்சச் சனமும் நின்றன. எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கையிலிருந்த பெரிய சூட்கேஸைப் பார்த்தார்கள். பாதை நடுத் தண்ணீருக்கு வந்த பிறகுதான், அக்கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அபூதாஹிர் வாயைத் திறந்தார்.

“என்ன தம்பி, லண்டன் இவ்வளவு கிட்டவா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஸெய்னுதீனும் சிரித்தான்.

“விசா பிந்துது காக்கா. கொஞ்ச நாள் நிக்கச் சொன்னாங்க.”

அந்தப் பொய்யை ரயிலில் விடியும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். சொன்னபோது அது நன்றாகத்தான் வந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் தொண்டை கரகரத்தது. இருமல் வரப்போகிறதென்று பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு லொறிக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். இருமல் வரவில்லை.

எழுபத்துநாலாம் ஆண்டு, நோன்பு தொடங்கப்போகிற கிழமை அது. ஸெய்னுதீன் மூதூர்ப் பிள்ளை. கிண்ணியாவில் மைமூனாவை முடித்து, அங்கத்தைய வழக்கப்படி பெண்வீட்டையே தன் வீடாக வைத்திருந்தான். பேராதனையில் விலங்கியல் படித்து அங்கேயே அறை எடுத்து உதவி விரிவுரையாளராக வேலை செய்தான்; லீவுக்குத்தான் கிண்ணியாவுக்கு வருவான். இறால் குஞ்சுகளைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய, வேல்ஸ் நாட்டில் கடலோரத்து ஊரொன்றின் பல்கலைக்கழகத்தில் இடமும் உதவித்தொகையும் கிடைத்திருந்தன. வேல்ஸ் என்று அவன் எத்தனை தரம் சொன்னாலும் ஊர் அதை லண்டன் என்றே கேட்டது. கலாநிதி என்பதை டொக்டர் என்று கேட்டது.

அப்படிக் கேட்டதற்கு அவனுடைய மாமனார் முஹம்மது தம்பியும் ஒரு காரணம். அவர் வீட்டு முன்பக்கத்தில் பேக்கரி வைத்திருந்தார். மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடான வருஷம். விடியற்காலையில் பாணுக்கு வரிசை வளவைத் தாண்டி ரோட்டுக்குப் போகும். அந்த வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும், “எங்கட மருமகன் டொக்டராகி வரப்போறார்” என்று அவர் ஆவணி மாதம் முழுக்கச் சொல்லியிருந்தார். தட்டுப்பாட்டுக்குள்ளும் எங்கெங்கோ அலைந்து அரிசி தேடி, மௌலூது ஓதி, சஹன் என்ற பெரிய தட்டுக்கு ஐந்து பேராக ஊரை உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்தார். பெண்கள் ஊறுகாயும் மாசிக்கருவாடும் கட்டிக்கொண்டு வந்து தந்தார்கள். துறையில் அவனைக் கட்டித் தழுவாத ஆண்பிள்ளை ஊரில் இல்லை.

கொழும்பில், உதவித்தொகை கொடுப்பவர்கள் கேட்ட வைத்தியப் பரிசோதனைக்குப் போனான். அது வெறும் சடங்கு என்றுதான் நினைத்தான். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த மருத்துவர், வலது பக்க நுரையீரலின் மேல் நுனியில் விரலை வைத்தார். அங்கே ஒரு நிழல் இருந்தது. பழைய வடுவாகவும் இருக்கலாம், காசநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம் என்றார். சளியை உடனே பார்த்ததில் கிருமி தெரியவில்லை. ஆனால் அதை வளர்த்துப் பார்க்க எட்டுக் கிழமை வேண்டும். பிறகு இன்னொரு படம் எடுக்க வேண்டும். அதுவரை கையெழுத்து வைக்க முடியாது.

“வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா?” என்று கேட்டார்.

ஒரு வயது மகள் இருக்கிறாள் என்றான்.

அவளைத் தூக்க வேண்டாம், முத்தம் கொடுக்க வேண்டாம், வேறாகப் படுங்கள், கோப்பை பீங்கானை வேறாக வைத்திருங்கள் என்று மருத்துவர் சொன்னார். எழுதித் தருவதுபோல அமைதியாகச் சொன்னார்.

வேல்ஸிலிருந்த பேராசிரியருக்குத் தந்தி அடித்தான். ஜனவரிக்குள் வந்தால் இடம் இருக்கும் என்று பதில் வந்தது. பேராதனையில் அவனுடைய அறையை ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வேலையிலிருந்து லீவும் தொடங்கிவிட்டது. போவதற்கு இருந்த ஒரே இடம், அவனை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்ட வீடு.

உண்மையைச் சொல்லலாம் என்றுதான் ரயில் ஏறிய பிறகும் நினைத்திருந்தான். கல்லோயாச் சந்தியில் ரயில் மாறி நின்றபோதுதான் பேக்கரி நினைவுக்கு வந்தது. அவன் கலியாணம் முடித்து வந்த வருஷம் அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்காரருக்குக் கசம் என்று கதை பரவி, சனம் அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதையே நிறுத்தியதைப் பார்த்திருந்தான். கிணற்றுக்கே அப்படியென்றால் பாணுக்கு என்ன நடக்கும்? விசா என்ற சொல் அப்போதுதான் அவனுக்கு வந்தது.

வாசலில் மைமூனா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வருவது அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. பாதையில் வந்த செய்தி அவனை முந்திக்கொண்டு போயிருந்தது. ஜெஸீமா தகப்பனைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

“ரயில் தூசி. குளிச்சிட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு ஸெய்னுதீன் பின்வளவுக்குப் போனான்.

குளித்துவிட்டு வந்ததும், “தலை இடிக்குது” என்றான். அடுத்த நாள் நாரி நோவு என்றான். கட்டிலில் படுக்க ஏலாது, முன்கூடத்துச் சீமெந்துத் தரைதான் சுகம் என்று பாயை எடுத்துப் போட்டான். ஒரு கோப்பையையும் பீங்கானையும் தனியாக எடுத்து, தானே கழுவி, ஜன்னலடியில் வைத்துக்கொண்டான். “அங்க போய் எல்லாம் நானே செய்யவேணும், இப்பவே பழகிறன்” என்றான். மாமி, மைமூனாவின் தாய், அதைக் கேட்டுச் சிரித்தாள். மைமூனா சிரிக்கவில்லை.

நோன்பு காலம் அவனுக்கு ஒரு வகையில் உதவியது. பகல் முழுக்க யாரும் சாப்பிடக் கூப்பிடமாட்டார்கள். நோன்பு திறக்கிற நேரம் பள்ளிக்குப் போய், கஞ்சிக்குத் தன் கோப்பையை நீட்டிவிட்டு ஓரமாகத் தூணடியில் இருந்துகொள்வான். சஹனைச் சுற்றி இருந்தவர்கள், “வாங்க டொக்டர், இங்க ஒரு ஆள் குறையுது” என்று கூப்பிட்டால், வயிறு சரியில்லை என்பான். ஒரு மாதத்தில் அவனுக்கு இல்லாத நோய் வருத்தம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. உள்ள வருத்தத்தை மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. விடியற்காலையில் பாண் வரிசை கூடிவிடும். வரிசையில் நிற்பவர்களுக்கு அவனைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. “இன்னும் போகல்லையா?” என்று ஒருத்தர் கேட்பார். அவர் போய் அடுத்தவர் வந்து அதையே கேட்பார். அதற்குப் பயந்து வரிசை சேர முன்னமே உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டு, பாதை ஏறி, பஸ்ஸில் திருகோணமலை டவுனுக்குப் போய்விடுவான். அங்கே செய்ய ஒன்றுமில்லை. தபால் கந்தோருக்குப் போய், கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்பான். அவனுக்குக் கடிதம் வருவதென்றால் கிண்ணியாவுக்குத்தான் வரும். உட்துறைமுகத்து வீதியில் நடப்பான். தேயிலை ஏற்ற வந்த கப்பல்கள் நகராமல் கிடக்கும். அவை நங்கூரம் எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பான். எடுக்காது. அங்கிருந்து திரும்பிப் பின்பக்கத்துக் கடற்கரைக்குப் போவான். ஒரு நாள் சும்மா நிலாவெளி பஸ்ஸில் ஏறி, கடைசித் தரிப்பிடம்வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தான். கொண்டக்டர் டிக்கட் கிழித்துக் கொடுத்துவிட்டு அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நடக்கும்போதெல்லாம் தன் மூச்சையே கேட்டுக்கொண்டு நடந்தான். ஏணிப்படி ஏறினால் இளைக்கிறதா? நேற்றைவிடக் கூடவா? துப்பிய எச்சிலைக் குனிந்து பார்த்தான். கையால் மார்பைத் தடவி, அந்த நிழல் எந்த விலாவுக்குப் பின்னால் இருக்கும் என்று தேடினான். பேராசிரியர் படிக்கச் சொல்லி அனுப்பியிருந்த புத்தகம் முதல் அத்தியாயத்தோடு நின்றது. இறால் குஞ்சு எத்தனை தரம் தோல் கழற்றும் என்ற ஒரு பந்தியை மட்டும் பத்து நாள் வாசித்திருப்பான்.

ஒரு பின்னேரம் அடுத்த வளவு அசனா தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்கூடத்துக்கே வந்துவிட்டாள். பிள்ளை இருமிக்கொண்டிருந்தான்.

“தம்பி டொக்டர்தானே? இந்தப் பிள்ளைட நெஞ்சில ஒருக்காக் காதை வச்சுப் பாருங்க. மூணு நாளாக் கரகரக்குது.”

“ராத்தா, நான் அந்த டொக்டர் இல்ல. இறால் டொக்டர்.”

“இறாலுக்கும் டொக்டரா? சும்மா பகிடி விடாதீங்க தம்பி. ஒருக்காப் பாருங்க” என்று பிள்ளையை அவன் மடியில் தள்ளினாள்.

ஸெய்னுதீன் துள்ளி எழுந்தான். கதிரை பின்னால் விழுந்தது. “கிட்ட விடாதீங்க!” என்று கத்தியேவிட்டான். பிள்ளை பயந்து அழத் தொடங்கியது. அசனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “எங்கட பிள்ளை இருமினா உங்களுக்கு ஒட்டிக்கிடும், என்ன? இன்னும் கப்பலேறல்ல, அதுக்குள்ள இவ்வளவு பெருமை” என்று சொல்லி, பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

குசினி வாசலில் நின்ற மைமூனா எல்லாவற்றையும் பார்த்தாள். விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மைமூனாவுக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவள். ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் சம்பளமில்லாமல் படிப்பித்திருந்தாள். அவள் அதிகம் கதைக்கிறவள் அல்ல. ஆனால் மனதில் ஒன்றைப் போட்டுக்கொண்டால் அதைக் கீழே வைக்கமாட்டாள். புருஷன் பிள்ளையைத் தூக்குவதில்லை. தன் பக்கத்தில் படுப்பதில்லை. கட்டிய சூட்கேஸை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கவும் இல்லை. விடிந்தால் டவுனுக்கு ஓடுகிறான். தாய் அவளிடம் ஒரு நாள், “வெளிநாடு போற ஆம்புளைகள் அப்படித்தான் மகள். போக முந்தியே மனசு போயிடும்” என்றாள். அது அவளுக்குள் ஒரு மீன்முள்போல நின்றது.

நோன்புப் பெருநாள் வந்தது. தொழுகை முடிந்ததும் பள்ளியில் எல்லாரும் ஒருவரையொருவர் தழுவத் தொடங்கினார்கள். ஸெய்னுதீன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கவாசலால் வெளியேறி வீட்டுக்கு வந்துவிட்டான். முன்கூடத்தில் மாமி, புதுச் சட்டை போட்ட ஜெஸீமாவை வைத்துக்கொண்டிருந்தாள். பேத்தியை முத்தமிட்டு, “போங்க, வாப்பாக்குப் பெருநாள் சொல்லுங்க” என்று நடக்கவிட்டாள். அந்த மாதம்தான் பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தது. தள்ளாடித் தள்ளாடி அவன் முழங்காலை நோக்கி வந்தது. அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். பிள்ளை மறுபடி வந்தது. இன்னொரு அடி வைத்தான். பிடிக்க ஒன்றுமில்லாமல் பிள்ளை முகங்குப்புற விழுந்தது. சீமெந்தில் உதடு வெடித்து இரத்தம் வந்தது.

அவன் தூக்கவில்லை. கை முன்னால் போனது. பிறகு பின்னால் வந்துவிட்டது. மைமூனா ஓடிவந்து தூக்கினாள்.

விருந்தாளிகள் போய், பகல் சாப்பாடு முடிந்த பிறகு அவள் பின்வளவுக்கு வந்தாள். அவன் கிணற்றடியில் தன் பீங்கானைக் கழுவிக்கொண்டு குந்தியிருந்தான். அவள் உட்காரவில்லை.

“எனக்கு ஒரு மறுமொழி வேணும்” என்றாள். “அங்க ஆரும் இருக்கிறாங்களா?”

“எங்க?”

“கொழும்பில. பேராதனையில. எங்கயாவது.”

“என்ன பேய்க்கதை கதைக்கிறீங்க?”

“அப்ப என்ன? என்னை விட்டுட்டுப் போறதெண்டா சொல்லிட்டுப் போங்க. நான் அழமாட்டன். ஆனா அந்தப் பிள்ளை என்ன செஞ்சிச்சு உங்களுக்கு? விழுந்து கிடக்கு, வாயால ரத்தம் வருது, மரம்மாதிரி நிக்கிறீங்க.”

ஸெய்னுதீன் பீங்கானைக் கீழே வைத்தான். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. கொழும்பு மருத்துவர் விரல் வைத்த இடத்தைத் தன் மார்பில் தொட்டுக் காட்டினான். எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது அவள் பக்கம் பார்க்காமல் வாழைமரத்துப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூச்சு அவள்மேல் படாதிருக்க.

அவள் அழுவாள், பயந்து பின்வாங்குவாள் என்று எதிர்பார்த்தான். அவளுக்குக் கோபம் வந்தது.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதானா எண்டா? கசம் மைமூனா. கசமாயிருக்கலாம்.”

“ஒரு மாசமா நான் ஒவ்வொரு நாளும் என்னென்ன நினைச்சன் தெரியுமா உங்களுக்கு? நோய்க்கு மருந்து இருக்கு. நான் நினைச்சதுக்கு என்ன மருந்து இருக்கு?” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “என்னட்டச் சொன்னா நான் பிள்ளையை வேற அறையில வச்சிருப்பன். நீங்க ஏன் கள்ளனைப்போல ஒளிஞ்சு திரியவேணும்?” என்றாள்.

“மாமாட பேக்கரி.”

“அதை வாப்பா பார்த்துக்கொள்ளுவார்.”

“அவருக்குச் சொல்லவேணாம். கெஞ்சிக் கேக்கிறன்.”

“ஏலாது” என்றாள் மைமூனா. “நீங்க ஒரு பொய் சொல்லி நான் பட்டது போதும்.”

அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டாள். முஹம்மது தம்பி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்ப் பாண் சுடும் போறணைக்கு விறகு எடுத்துப் போட்டார். நேரமில்லாத நேரத்தில் போறணை எரிந்தது. மருமகன் இருந்த பக்கம் வரவே இல்லை. ஸெய்னுதீனுக்கு இரவு நித்திரை வரவில்லை. விடிந்ததும் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு மூதூருக்குப் போய்விட நினைத்தான்.

விடியற்காலையில் வழக்கம்போல வரிசை கூடியது. முன்கூடத்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வரிசையில் முன்னுக்கு நின்ற மரமும் பலகையும் விற்கும் மரக்காலைக்காரர் அப்துல் மஜீத், பாணை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டு, “பெருநாளும் முடிஞ்சுது. உங்கட டொக்டர் இன்னும் போகல்லையா?” என்று கேட்டார்.

முஹம்மது தம்பி கையிலிருந்த மாவைத் தட்டினார். கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“அவருக்கு நெஞ்சில ஒரு நிழல் விழுந்திருக்காம். கசமா இல்லையா எண்டு கொழும்பில பாக்கிறாங்க. மறுமொழி வரல்ல. வந்த நாள் துவக்கம் அவர் பேக்கரிக்குள்ள கால் வைக்கல்ல. இனியும் வைக்கமாட்டார். பாண் வேணுமெண்டா நில்லுங்க, வேணாமெண்டாப் போங்க.”

நடுவில் நின்ற இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு வரிசையை விட்டு விலகினார்கள். பின்னால் நின்றவர்கள் உடனே முன்னால் வந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டார்கள். விலகிய இரண்டு பேரில் ஒருவர் கொஞ்சத் தூரம் போய், யோசித்து, திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றார். மாவுக்குத் தட்டுப்பாடில்லாத வருஷமாயிருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. அந்த வருஷம் ஊரில் வேறு பாண் இல்லை.

அதற்காக எல்லாம் நல்லபடி நடந்தது என்றும் சொல்லமுடியாது. பள்ளியில் அவன் தூணடியில் இருந்தால் அந்தத் தூணைச் சுற்றி இடம் வெறுமையாகவே கிடந்தது. அபூதாஹிர் தன் கடையில் அவனுக்கென்று ஒரு கிளாசில் சிவப்பு நூல் கட்டி வைத்தார். “கோபிக்கப்படாது தம்பி, சனம் பார்க்குது” என்றார். அசனா மட்டும் வேலிக்கு அப்பால் நின்று, “அண்டைக்கு எண்ட பிள்ளையைக் காப்பாத்தத்தான் கத்தினீங்களா தம்பி? நான் கண்டபடி பேசிட்டன்” என்று சொல்லி, ஒரு தட்டு வட்டிலப்பத்தை வேலிமேல் வைத்துவிட்டுப் போனாள். தட்டைத் திருப்பித் தரவேண்டாம் என்றும் சொன்னாள். அவனுக்கு அது கொஞ்சம் சிரிப்பாகவும் கொஞ்சம் வேறு மாதிரியும் இருந்தது.

முஹம்மது தம்பி பின்வளவு விறகுக் கொட்டிலைத் துப்புரவாக்கி, கூரைக்குக் கிடுகு மாற்றி, கட்டில் போட்டுக் கொடுத்தார். மைமூனா சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, மூன்று முழம் தள்ளிப் பலாமரத்தடியில் உட்கார்ந்து கதைப்பாள். கலியாணம் முடித்து மூன்று வருஷத்தில் அவர்கள் அவ்வளவு கதைத்ததில்லை. இறால் குஞ்சுகளைப் பற்றிக் கேட்டாள். புத்தகத்தை வாங்கி, அகராதி வைத்துக்கொண்டு அவளும் முதல் அத்தியாயத்தை வாசித்தாள். “தோல் கழற்றின உடனே அதுக்கு ஓடு மெதுவாத்தானே இருக்கும்? அப்ப என்ன செய்யும்?” என்று கேட்டாள். “சேத்துக்குள்ள ஒளியும்” என்றான். “உங்களைப்போல” என்றாள் அவள்.

ஜெஸீமா அந்தப் பக்கம் வருவதில்லை. வரவிடுவதில்லை. முதலில் கொட்டிலைக் காட்டி அழுதாள். பிறகு அழுவதை விட்டுவிட்டாள். இடுப்பில் இருந்தபடி அவனைத் தூரத்தில் பார்த்தாலும், காகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கார்த்திகையில் மாரி பிடித்தது. அந்த மழைக்குள் ஸெய்னுதீன் கொழும்புக்குப் போனான். கிருமி வளரவில்லை. புதுப் படத்திலும் நிழல் அப்படியே, கூடாமல் குறையாமல் இருந்தது. எப்போதோ சின்ன வயதில் வந்து தானாக ஆறிப்போன ஏதோ ஒன்றின் வடு என்று சொல்லி, மருத்துவர் கையெழுத்து வைத்தார். அவ்வளவுதான். அவன் அந்த மருத்துவரின் வாசலில் நின்று வாய்விட்டு அழுதான்.

திரும்பி வரும்போது வெள்ளம் ஏறிப் பாதை ஓடவில்லை. சீனன்குடாவில் ஒரு கடையில் காத்திருந்து, அடுத்த நாள் தோணி பிடித்து, நனைந்து வீட்டுக்கு வந்தான். வாசலில் வைத்தே மைமூனாவிடம் சொன்னான். அவள் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள். ஜெஸீமா உடம்பை விறைத்துக்கொண்டு வீறிட்டாள். ஈரச் சட்டைமீது இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். “வாப்பாதான் மகள், வாப்பா” என்றான். அவள் முஹம்மது தம்பியைத் தேடிக் கையை நீட்டினாள்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். மிட்டாய் காட்டினான், மிட்டாயை வாங்கிக்கொண்டு ஓடினாள். ஆட்டுக்குட்டியைப் பிடித்துவந்து காட்டினான். அவள் ஆட்டுக்குட்டியோடு விளையாடினாள். பேராசிரியருக்குத் தந்தி அடித்தாகிவிட்டது, ஜனவரி முதற் கிழமை விமானத்துக்குச் சீட்டும் பதிந்தாகிவிட்டது. ஆனால் ஸெய்னுதீனுக்கு முன்னையைவிட அந்தரமாக இருந்தது. போக முடியாமலிருந்தபோது போகவேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் இருந்தது. இப்போது சூட்கேஸைத் திறப்பான், மூடுவான். வளவுக்குள் நடப்பான்.

“நான் போகல்ல” என்றான் ஒரு நாள். “பேராதனைக்கே திரும்பிப் போறன்.”

“போங்க விசர்க்கதை” என்றாள் மைமூனா. அவள் கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். “நீங்க போறீங்க. ஆனா நாங்களும் வாறம்.”

“எங்க?”

“வேல்ஸுக்கு.” கிண்ணியாவில் அந்தச் சொல்லைச் சரியாகச் சொன்ன முதல் ஆள் அவள்தான். “ரெண்டு மாசம் ஒரே வளவுக்குள்ள இருந்த வாப்பாவை இவ மறந்திட்டா. மூணு வருஷம் போனா நீங்க ஆரெண்டு நான் காட்டிக் குடுக்கிறது? நானும் எவ்வளவு காலத்துக்கு மரத்தடியில இருந்து கதைக்கிறது?”

மனைவி பிள்ளைக்கும் உதவித்தொகையில் ஒரு படி உண்டு என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அதைக் கேட்டுவிட்டு மறந்திருந்தார்கள். ஏனென்றால் அதுவரை அந்த ஊரிலிருந்து ஒரு பெண் அப்படிப் போனதில்லை. முஹம்மது தம்பி கேட்டதும் குரலை உயர்த்தினார். குளிர் நாடு, பிள்ளை தாங்காது என்றார். ஹலால் இறைச்சி கிடைக்குமா என்றார். பாஸ்போட்டுக்குப் படம் பிடிக்கவேணும், எங்கட பொம்புளைகள் ஸ்டூடியோவில் போய் உட்காருவதா என்றார். மைமூனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வாப்பா, பாண் வரிசைக்கு முன்னால நிண்டு நீங்க சொன்னீங்களே. அதைவிட இது பாரமா?” என்று கேட்டாள். இரண்டு நாள் அவர் மகளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், “முக்காட்டோட படம் எடுப்பாங்களா எண்டு கேளுங்க” என்று மருமகனிடம் சொன்னார்.

ஸெய்னுதீன் முதலில் போய் வீடு பார்ப்பது, ஆடி ஆவணியில் குளிர் குறைந்த நேரம் அவர்கள் வருவது என்று முடிவாயிற்று. அப்படியென்றாலும் கடவுச்சீட்டுக்கு இப்போதே எழுதிப் போடவேண்டும். டிசம்பரில் மழை விட்டிருந்த ஒரு நாளில் மூன்று பேரும் பாதை ஏறி டவுனுக்குப் போனார்கள்.

ஸ்டூடியோக்காரர் கனகசுந்தரம் வயதானவர். துறைமுகத்தில் வெள்ளைக்கார நேவி இருந்த காலத்திலிருந்து படம் பிடிக்கிறவர். தாயும் பிள்ளையும் ஒரே படத்தில் இருக்கவேண்டும், இரண்டு பேரும் நேராகப் பார்க்கவேண்டும் என்றார். மைமூனா முக்காட்டைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, மகளை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். பெரிய விளக்கைப் போட்டதும் ஜெஸீமா அலறினாள். திரும்பித் தாயின் தோளுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

“தங்கச்சி, பிள்ளைட முகம் தெரியவேணும்” என்றார் கனகசுந்தரம். கிலுகிலுப்பையை ஆட்டினார். பூனைபோலக் கத்தினார். ஒன்றும் சரிவரவில்லை. “தகப்பன்தானே? இஞ்ச வந்து கமராவுக்குப் பின்னால நிண்டு பிள்ளையைக் கூப்பிடுங்கோ.”

ஸெய்னுதீன் வந்து நின்றான். கூப்பிட்டால் இன்னும் அழுவாள் என்று தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே வைத்து, விரல்களை இறாலின் மீசைபோல அசைத்தான். கண்ணை உருட்டினான். பின்னால் துள்ளி, முன்னால் துள்ளி, பக்கவாட்டில் துள்ளினான். மைமூனா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். தாயின் வயிறு குலுங்குவதை உணர்ந்த பிள்ளை என்னவென்று திரும்பியது. தகப்பனைக் கண்டது. அழுகை பாதியில் நின்றது. வாயைத் திறந்தபடி, இப்படியொன்றை உலகத்தில் கண்டதில்லை என்பதுபோல அவனையே பார்த்தது.

“அசையாதேங்கோ” என்று சொல்லி, கனகசுந்தரம் எடுத்துவிட்டார்.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் மறுபடி தூறத் தொடங்கியது. ஒரு கையில் குடையும் மறு கையில் பிள்ளையுமாக நடந்த மைமூனாவுக்குக் கை கடுத்தது. “ஒருக்காப் பிடியுங்க” என்று கேளாமலே பிள்ளையை அவன் தோளில் போட்டாள். ஜெஸீமா விறைத்துக்கொண்டாள். அவன் நடையைக் குறைத்து, ஒன்றும் கதைக்காமல், மிட்டாயும் காட்டாமல் நடந்தான். அவள் தாயின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கையை நீட்டினாள். பிறகு கையை மடக்கினாள். இறங்கப்போகிறவள்போலவே அவன் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ் வரும்வரை இருந்தாள். இறங்கவில்லை.